நிலவறைக்குப் போக மறுத்த ஹாட்டி

மார்ச் 3, ஞாயிறு
சர்ச் முடிந்து நூலகப் பின்னறையில், பகடை உருட்டி, பேசியே ஆடும் என் கதை விளையாட்டை ஆட உட்கார்ந்தோம். நான் கதை நடத்துகிறேன். வெர்னெலும், முடிதிருத்தும் கடை லூஷியஸும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடுகிறார்கள். 1929, இதே சிகாகோ, இதே 47-ஆம் தெரு. எங்கள் கறுப்பின மக்கள், வெள்ளையர் வகுத்த எல்லை தாண்டி வீடெடுக்க முடியாத காலம். ஒரே கட்டிடத்தில் பதினேழு அறை, அறைக்கொரு குடும்பம். வாரம் ஒருவர் காணாமல் போகிறார். நிலவறையில் ஏதோ இருக்கிறது.

ஆறு வருடமாக எழுதிய விளையாட்டு. மாதக் கடைசிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு தயார்: ஒருவர் தனியாக இறங்கித் தன்னைக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள்.

"போலீசுக்குச் சொல்லிடலாம்" என்றான் லூஷியஸ்.

"1929-லயா? வந்தான்னா, காணாமப் போனவனத்தான்டா முதல்ல அரெஸ்ட் பண்ணுவான்" என்றாள் வெர்னெல்.

மார்ச் 10
வெர்னெல் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருக்களில் தபால் கொடுப்பவள். அவள் ஆடும் சலவைக்காரி ஹாட்டி, பேயை விட்டுவிட்டு, யார் யாரோடு பேச்சில்லை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்! என்ன பெண் இவள்.
அடுத்த வாரம் ஹாட்டி சாக வேண்டும். வேறு வழி நான் வைக்கவில்லை.

மார்ச் 12
கல்லூரியில் பாடம் எடுக்கும்போது மனம் நிற்கவில்லை. காகிதத்தில் இருக்கும் ஒருத்திக்காகவா?

மார்ச் 17
ஹாட்டியை நிலவறைக் கதவருகே நிறுத்தினேன். "இறங்குறியா?"

"எதுக்கு? காணாமப் போன நாலு பேரும் தனியா இருந்தப்பதானே போனாங்க, புரொபசரம்மா?"

ஆமாம். நான்தான் அப்படி எழுதியிருந்தேன்.

"அப்ப நான் மேல போறேன். முதல் கதவு. யாரு இருக்கா?"

பெயர் இல்லை. பதினேழு கதவில் ஒன்றுக்கும் நான் பெயர் எழுதவில்லை. வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் — வெட்கம்.

"ஆளில்லாத கதவு ஏது?" என்று அவளே தொடங்கினாள். இறைச்சிக்கூடத்தில் வேலை செய்யும் எஸ்ரா. பொது அடுப்புக்காகச் சண்டை பிடிக்கும் பெர்னீஸ். இப்படிப் பதினேழும், மூச்சு விடாமல். எல்லோரையும், கையில் விளக்கும் வாணலியுமாக, நிலவறைக்குப் படியிறக்கிக் கொண்டுவந்தாள்.

"அக்கா, பெர்னீசப் பாத்தா நானே ஓடிருவேன்" — லூஷியஸ்.

"இப்பச் சொல்லு, இத்தன பேர்ல அது யாரத் தூக்கும்?"

என் விதிகளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. பகடையைக் கீழே வைத்தேன்.
எங்களில் ஒருத்தி பலியானால்தான் கதை முடியும்னு ஏன் நினைச்சேன்? யாரு சொல்லிக் குடுத்தா எனக்கு?

மார்ச் 30
கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை எடுத்துவிட்டேன். பதிலாக, பதினேழு அறைகளும் அவற்றின் மனிதர்களும். எழுதியவர் என்ற இடத்தில் வெர்னெலையும் சேர்த்து இரண்டு பெயர் போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 14
இன்று வெர்னெல் கதை நடத்தினாள், நான் ஆடினேன். "தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. பின்னாடி காலடிச் சத்தம். என்ன பண்ற?"


"பக்கத்துக் கதவத் தட்டுறேன்."

"யாரு வீடு அது?"

இந்த முறை பெயரோடு சொன்னேன்.