கறுப்பு ஒயரைத் தொடாதே

லோகு அண்ணா,

"எட்டாவதோட நின்னவளுக்கு இன்னாத்துக்குடி கம்ப்யூட்டரு?" என்று அன்றைக்குக் கேட்டாய். இப்போது சொல்கிறேன்: கதை எழுத. நோட்டில் ஒளித்து எழுதியதையெல்லாம் அதில்தான் ஏற்றுகிறேன்.

கரண்ட் போனதைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிப்பது யூபிஎஸ்ஸிலிருந்து வரும் அந்தக் கறுப்பு ஒயர்தான். தெரிந்தால், நான் போட்டு வைத்திருக்கும் சாப்ட்வேர் எழுதியதைப் பத்திரப்படுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் தானாக அணைக்கும். நேற்று நீ அதைப் பிடுங்கி, கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் சார்ஜ் போட உன் போனைச் செருகினாய். நான் பக்கத்தில் இல்லாதபோது கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, ஒரு அத்தியாயம் முழுக்க அழிந்தது. "ஒயரத்தான புடுங்கினேன், உசுரையா புடுங்கினேன்?" என்று சிரித்தாய்.

மறுபடி மாட்டி, மெயினை அணைத்துச் சோதித்துவிட்டேன். ஒழுங்காக வேலை செய்கிறது. அந்த அத்தியாயத்தையும் மறுபடி எழுதுவேன். நீ சிரித்தாலும் எழுதுவேன். உன் சார்ஜரை ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஏஞ்சல் அக்காவிடம் கொடு. நான் எளாவூரில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவேன்.

ரோஷினி

பி.கு. இவ்வளவையும் அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். "அண்ணனுக்கே எதுத்து எழுதுறியாடி?" என்பாள் என்று பயந்தேன். சீட்டை வாங்கி, நீ தலை வாருகிற கண்ணாடியில் ஒட்டினாள். ஒட்டிய சீட்டில் நின்றுகொண்டே எழுதுவதால் இந்த வரிகள் கோணல். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள்.