சாப்ட்டீகளா என்று கேட்கும் பெட்டி

என் மேரிக்கு,

நம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துவிட்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "சுத்தி வளைக்காம விசயத்துக்கு வாங்க" என்று அங்கிருந்தே கடிந்துகொள்வாய்.

வருகிற ஞாயிறு உனக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. உன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்தால் மாதா கோயில் இதழில் போடுவதாகச் சாமியார் சொன்னார். நாலு வரியில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நான் எழுதுவதை நம் மகள் ஜெசிதான் டைப் அடிக்கப்போகிறாள். அதனால் அவளைப் பற்றிக் குறை எதுவும் சொல்ல முடியாது.

இதில் பாதி உனக்குத் தெரிந்த கதைதான். இதழைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் புதுவயல் அரிசி ஆலைகளில் மோட்டார் பார்க்கிற எலெக்ட்ரீஷியன். நீ காரைக்குடியில் நம் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு, பள்ளிக்கூட வினாத்தாளும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்தாய். ஆலைத் தூசியோடு நான் அந்த அறைக்குள் கால் வைத்தால் உனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "குளிச்சிட்டு வாங்க, அந்த உமியெல்லாம் பெட்டிக்குள்ள போயிரும்" என்பாய். பெட்டி மேல் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தது. மாதாவுக்கு இருந்த மரியாதையில் பாதிகூட எனக்கு அந்த அறையில் கிடைக்கவில்லை.

ஆனால் காலையில் பெட்டியைப் போடுகிற வேலை என்னுடையது. நீ அடுப்படியை முடித்துவிட்டு வருவதற்குள் அது தயாராக இருக்க வேண்டும். முதலில் ஸ்டெபிலைசர், அப்புறம் பெட்டி, அப்புறம் திரை. ஆலையில் எத்தனை பெரிய மோட்டாரையும் ஒரே இழுப்பில் ஓட வைக்கிறவன் நான். இது எழுந்து கண்ணைத் திறப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் அப்படிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோதுதான் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. எழுத்து ஆங்கிலம். எழுத்துக்கூட்டிப் படித்தால் தமிழ். "சாப்ட்டீகளா?"

அடுப்படியிலிருந்து நீ எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பெட்டி கிளம்பும்போது தானாகவே படித்துக்கொள்கிற கட்டளைகளுக்கு நடுவே அந்த வரியை நீ எழுதிவைத்திருந்தாய். "தமிழ் எழுத்து பெட்டியில ஏறி முடிக்கிறவரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கீக? நான் வந்து கேக்கறதுக்கு அதையே கேக்கச் சொல்லிட்டேன்" என்றாய்.

அப்புறம் அது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. வரி வரும். நான் அடுப்படியைப் பார்த்து, "இன்னும் இல்ல!" என்று கத்துவேன். நீ தட்டோடு வருவாய். சாப்பிட்டிருந்தாலும் சில நாள் "இன்னும் இல்ல" என்றுதான் கத்துவேன். உனக்கும் அது தெரியும். பாதி இட்லியாவது கொண்டுவந்து வைப்பாய்.

போன வருஷம் அந்தக் காலையிலும் வரி வந்தது. நானும் கத்தினேன். தட்டு வரவில்லை. மறுபடியும் கத்தினேன். அப்புறம்தான் எழுந்து வந்தேன். இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நீ தரையில் கிடந்தாய்.

நெஞ்சு நின்றுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனாலும் கேட்கிறேன், மேரி. வலித்ததா? என்னைக் கூப்பிட்டாயா? இந்தப் பெட்டியின் காற்றாடி போட்ட இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லையா?

அதற்கப்புறமும் தினம் காலையில் பெட்டியைப் போட்டேன். வரி வந்தது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். மறைந்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு புதுவயலுக்கு பஸ் ஏறிவிடுவேன். ஜெசி கட்டிக்கொடுக்கிற இட்லி பல நாள் போனபடியே திரும்பி வந்தது. நீ வாங்கிக் கொடுத்த சட்டையெல்லாம் இப்போது ஆணியில் தொங்குவதைப் போலத்தான் என் மேலும் தொங்குகிறது.

கல்லூரி முடித்த கையோடு உன் நாற்காலியில் ஜெசி உட்கார்ந்துவிட்டாள். வேலையைக் கெட்டிக்காரத்தனமாகப் பார்க்கிறாள். (இந்த வரியை அவள் அடிக்காமல் விட்டுவிடுவாள், பார்.) பெட்டிக்குத்தான் வயதாகிவிட்டது. நாலு பக்க வினாத்தாளைத் திறந்தால் திகைத்து நிற்கும். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, அது திரைக்கு வருவதற்குள் அவள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

கோட்டையூர் ஆச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும். மூத்த பேத்தி கல்யாணப் பத்திரிகையை உன்னிடம்தான் அடித்தார்கள். இப்போது இளையவளுக்கு. பிழை பார்க்க ஆச்சி வந்து உட்கார்ந்தார். பெட்டி அப்படியே நின்றுவிட்டது. ஜெசி அணைத்துப் போட்டாள். மறுபடியும் நின்றது. அதுவரை அடித்ததெல்லாம் போச்சு.

"ஏன் தாயி, பெட்டி தூங்குதா?" என்றார் ஆச்சி.

"கொஞ்ச நேரம் ஆச்சி, வந்துரும்."

"வரட்டும், வரட்டும். ஆனா மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படுத்துறாக. இங்க முடியலைன்னா சொல்லிரு தாயி, மதுரையில குடுத்துக்கிறோம். உங்கம்மா முகத்துக்காகத்தான் இங்குட்டு வந்தேன்."

அவர் போனதும் ஜெசி என்னிடம் வந்தாள். "அப்பா, இதை மாத்தலைன்னா கடையை மூடிற வேண்டியதுதான்" என்றாள். நான் முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா? பெட்டியை மாற்றினால் வரி போய்விடும். இந்த வீட்டில் என்னிடம் சாப்ட்டீகளா என்று நீ கேட்பது அந்த வரி ஒன்றில்தான் மிச்சம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். "எனக்கும் அம்மாதாம்ப்பா அது. ஆனா நீங்க அதைப் பாக்குறீக, பாத்துட்டுப் பட்டினியாப் போறீக. அதுக்கா அம்மா எழுதிவச்சாக?" என்றாள்.

திருச்சி மெக்கானிக் ஜாகிரை வரச் சொல் என்றேன்.

வந்தவர் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். வரி வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சார், வைரஸ் இருக்கு சார்! 'சப்தீகலா'ன்னு வருது பாருங்க. இத்தாலிக்கார வைரஸ் மாதிரி இருக்கு, நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. இப்பவே அழிச்சிடறேன்."

"வைரஸ் இல்ல தம்பி. அது என் வீட்டுக்காரம்மா" என்றேன்.

அவர் ஜெசியைப் பார்த்தார். ஜெசி வரியைப் படித்துக் காட்டினாள். பாவம், நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மற்றதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் அந்த வரியை ஒரு பிளாப்பியில் ஏற்றி என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"கேபினெட், கீபோர்டு இருக்கட்டும். ராம், ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு மூணையும் மாத்திட்டா போதும் சார், பறக்கும்" என்றார். மதர்போர்டு என்றதும் ஜெசி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே உமி, மேரி! மூலையெல்லாம் புதுவயல் உமி. நீ சொன்னது அத்தனையும் மெய்தான். கேஸ் உன் பக்கம் ஜெயித்துவிட்டது. பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வந்தவர், காற்றாடியின் தண்டில் சுற்றியிருந்த ஒரு நீளமான முடியைப் பிடித்து இழுத்தார். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்காருவாயே. அதை உமியோடு சேர்த்து வாசலில் உதறிவிட்டார். அவருக்கு என்ன தெரியும்? கேட்டு வாங்கியிருக்கலாம்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. பழைய டிஸ்க்கில் இருந்த உன் வேலைகளையெல்லாம் புதியதற்கு மாற்றினார். பிளாப்பியை வாங்கி வரியையும் பழைய இடத்தில் போட்டார். "நீங்களே போடுங்க சார்" என்றார். போட்டேன். காற்றாடியில் சத்தமே இல்லை. திரையில் ஏதோ பளிச்சென்றது. உடனே நீல வானமும் மேகமுமாக ஒரு படம் வந்து மறைத்துக்கொண்டது. அடுத்த மூச்சில் பெட்டி வேலைக்குத் தயாராகிவிட்டது.

"வரி எங்கே?" என்றேன்.

"வந்துச்சே சார். அது ஸ்பீடா போயிடுது."

மறுபடியும் போட்டேன். கண்ணைக்கூட இமைக்கவில்லை. பிடிக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டெபிலைசரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. வேகம் வேகம் என்று அடித்துக்கொண்டார்கள், வேகம் வந்துவிட்டது. நீ கேட்டு முடிக்கக்கூட நேரம் இல்லாத வேகம். பழைய பெட்டி மந்தமாக இருந்ததால்தான் நீ என் முன்னால் அவ்வளவு நேரம் நின்றாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை, அழுதுவிட்டேன்.

ஜெசி என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அந்த மேகப் படத்தை எடுக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். "அம்மா எழுதுனதுல கை வைக்க மாட்டேம்ப்பா. கீழ ஒரே ஒரு வார்த்தை மட்டும் நான் சேத்துக்கிறேன்" என்றாள். நில் என்று பெட்டிக்குச் சொல்கிற வார்த்தையாம் அது. பெட்டியை அணைத்துப் போட்டாள்.

வரி வந்தது. நின்றது. அதற்குக் கீழே, ஏதாவது ஒரு கீயை அழுத்தினால்தான் மேலே போவேன் என்று பெட்டி தானாக இன்னொரு வரி போட்டது. எவ்வளவு நேரம் பார்த்தும் அது நகரவில்லை.

மறுநாள் காலை நான்தான் போட்டேன். "சாப்ட்டீகளா?" என்றாய். வழக்கம்போலப் பார்த்தேன். மறையவில்லை. எழுந்து போக முடியவில்லை. நான் கீயை அழுத்தாமல் போனால் அன்றைக்கு ஜெசியின் வேலை நடக்காது. அழுத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"அழுத்தாதீகப்பா" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஜெசி தட்டோடு நின்றாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அழுத்துங்க."

பத்திரிகைக்காகக் கோட்டையூர் ஆச்சி அதற்குள் வந்து காத்திருந்தார். பறக்கும் என்று சொன்ன பெட்டி, நான் இட்லி தின்று முடிப்பதற்காக அசையாமல் நின்றது. "இப்ப என்ன தாயி, மறுபடியும் தூங்குதா?" என்றவரிடம் ஜெசி விஷயத்தைச் சொன்னாள். ஆச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடட்டும், சாப்பிடட்டும். கல்யாணம் ஓடியா போகுது?" என்றார்.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன், மேரி. "இன்னும் ஒண்ணு வையி" என்று. குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது.

உன் பூசைக்கு மெழுகுதிரி ஏற்றுவேன், பாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் ஊர் பார்க்கச் செய்வது. உனக்கென்று ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பசித்தாலும் பசிக்காவிட்டாலும், உனக்குப் பதில் சொல்லாமல் அந்தத் திரையை ஒருநாளும் தாண்ட மாட்டேன். பொய்யாக அழுத்தவும் மாட்டேன். நாளைக்கே இந்தப் பெட்டிக்கும் வயதாகும், இன்னும் வேகமானது வரும். வரட்டும். எது வந்தாலும் உன் வரி முதலில் ஏறும், அதற்குக் கீழே உன் மகளின் வார்த்தை ஏறும். எனக்காக அது நிற்கும்.

சாப்ட்டேன், மேரி.

உன் வீட்டுக்காரன்,
ஜெசியின் அப்பா