முகவரிச் சீட்டின் அடியில் இருந்தவள்

மார்ச் 4
மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். தங்களைத் திறந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். காரணம் சோம்பல் அன்று. பழைய வார இதழ்களின் அட்டைப்படங்களை ஆண்டு வரிசையில் கூடத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியை ஐந்தாம் வகுப்போடு துறந்தவள்தான். ஆயினும் தூரிகை ஓட்டத்தைக் கண்டே ஓவியர் பெயரைச் சொல்வேன். பதினெட்டாம் தேதி சேகரிப்போர் சங்கத்தார் பார்வையிட வருகிறார்கள். வரிசை என் தங்கையின் அறை வாசலில் முடிகிறது.

மார்ச் 6
வரிசையில் விடுபட்டிருந்த அட்டை கிடைத்தது. மழை பெய்யும் தெரு, மாடி வீடு. அதன் ஜன்னல்மீது சந்தாதாரரின் முகவரிச் சீட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. பழைய புத்தகக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“சீட்டை மட்டும் உரிச்சிடாதீங்கம்மா. வித்த மனுஷன் அழாத குறையா சொல்லிட்டுப் போனாரு.”

சீட்டோடு மாட்டினால் சங்கத்தார் நகைக்க மாட்டார்களா? கெட்டில் ஆவியில் காட்டி, நகம் படாமல் உரித்தேன். ஜன்னலில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். நிறம் நேற்று அச்சிட்டதுபோல் இருக்கிறது.

மார்ச் 9
ஜன்னல் காலி. வெளிச்சத்தின் கோளாறு என்றே எண்ணினேன்.

தங்கை கேட்டாள்: “அக்கா, பக்கத்துப் படத்துல படகுல யாரு? நேத்து வெறும் படகுதானே இருந்துச்சு?”

வேறு ஓவியர். ஆறாண்டு பிந்திய இதழ். அதே முதுகு.

மார்ச் 12
இன்று ரயில் நிலையப் படத்தில். பாதி திரும்பியிருக்கிறாள்.

மார்ச் 14
தங்கை அழுதாள். “கழட்டி வச்சிடுக்கா. என் ரூம் பக்கமா வர்றா.”

“நடந்து வர்றாளா, வண்டி பிடிச்சு வர்றாளா?” என்று கேலி செய்தேன்.

“உனக்கு அவங்க கைதட்டணும். நான் எக்கேடு கெட்டா என்ன?”

பதினெட்டு கழியட்டும், கழற்றிவிடுகிறேன் என்று வாக்களித்தேன். வரிசையில் ஒன்று குறைந்தாலும் பல் விழுந்த இடம்போல் தெரியுமே.

மார்ச் 18
வந்தார்கள், வியந்தார்கள். கடைசி அட்டையின்முன் சங்கச் செயலாளர் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

“என் பிரதியில இந்த பெஞ்சு காலியால்ல இருக்கு! இங்க ரெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்களே!”

அரிய அச்சாம். கைதட்டினார்கள்.

தங்கையைக் கூப்பிட்டேன். அறை உள்ளே தாழிட்டிருந்தது. கதவை உடைத்தோம் — ஆள் இல்லை. போர்வையில் இன்னும் சூடு. ஐயோ, நான் ஏன்டி கழட்டல? அத்தனை தடவை சொன்னியே...

மார்ச் 21
காவல்துறையினர் வந்தனர். “இந்தப் படத்தைப் பாருங்கள்” என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 22
தங்கையே, இன்று பெஞ்சில் நீ மட்டும் இருக்கிறாய். உன்னருகே இருந்தவள் எங்கே?

உன் மூக்குக்கண்ணாடி மேசைமேலேயே கிடக்கிறது. அது இல்லாமல் உன்னால் படிக்க முடியாது என்பதால் இப்பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, உன் முன்னே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

விரைவில் பதில் தா.