பந்தாட்டம் முடிந்ததும் வந்த முகம்

அக்கா,

வெள்ளையடிக்க ஆள் வந்ததால் நேற்று பீரோவை நகர்த்த வேண்டியதாயிற்று. அடித்தட்டைக் காலி செய்யும்போது, விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழிருந்து உங்கள் பாதிப் போட்டோ கையில் வந்தது. மறந்துபோயிருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அது அங்கே இருப்பது தெரிந்துதான் இத்தனை வருடமாக அந்தத் தட்டில் கை வைக்காமல் இருந்தேன்.

கல்யாணமான மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த படம். பட்டுச் சேலையில் நிற்கிறீர்கள். வலது கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் தொடங்கும் இடத்தில் முடிந்துபோகிறது. அதற்கப்பால் கத்தரி வெட்டிய ஓரம். அந்தக் கத்தரி எங்கள் வீட்டுக் கத்தரி. வெட்டியதும் நான்தான்.

ராஜபாளையத்தில் நாம் குடியிருந்த வளவில் எட்டு வீடு. முதல் வீடு எங்களுடையது, மூன்றாவது உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. மனிதர் முன்பே அதிகம் பேசமாட்டார். மூடிய பிறகு சுத்தமாகப் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, வன்னியம்பட்டி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சைக்கிளை எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

எங்கெல்லாம் அலைந்தோம். வன்னியம்பட்டியில் அவர் வந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் அவரைப் போல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ சொல்லி, நான்கு வெள்ளிக்கிழமை அங்கே போய் நின்றோம். பிளவக்கல் அணைக்கும் போனோம். நீங்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். நான்தான் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னேன்.

டி.வி.யில் காணாமல் போனவர்களைக் காட்டுகிறார்களே, அதில் போடலாம், போட்டோ கொண்டு வா என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். உங்களிடம் இருந்ததோ இந்த ஒரே படம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நீங்கள் அவர் தோளில் கை வைத்து நிற்பீர்கள். ஸ்டுடியோக்காரர் வற்புறுத்தித்தான் கையை வைத்தேன், கூச்சமாக இருந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். அவர் மட்டும் இருந்தால் போதும் என்று ஸ்டேஷனில் சொன்னதால் நான் கத்தரியோடு உட்கார்ந்தேன். விரல்களை எந்தப் பக்கம் விடுவது என்று புரியாமல் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

“வெரலு அவியளோட போட்டும் தம்பி” என்றீர்கள்.

அப்படித்தான் வெட்டினேன். அவரும் உங்கள் நான்கு விரலும் ஒரு உறையில் போனார்கள். தகவல் தர வேண்டிய முகவரியாக எங்கள் வீட்டு முகவரியைத்தான் எழுதிக் கொடுத்தோம்.

மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. அந்த மூன்று மாதத்தில் உங்களை வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டு சொன்னீர்கள்.

“அவிய மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது தம்பி. கண்ண மூடுனா சட்டதான் தெரியுது. ஒருக்கா பாத்துட்டாப் போதும்.”

கண்டுபிடித்துக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை அதற்குள் உங்களுக்குப் போய்விட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. டி.வி.யில் அந்தப் படத்தைக் காட்டும் கொஞ்ச நேரம் மட்டும்தான் உங்களுக்கு மிச்சம் இருந்தது.

பிறகு ஒரு போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை சாயங்காலம், கல்கத்தாவிலிருந்து காட்டும் ஃபுட்பால் இறுதிப் போட்டி முடிந்ததும் அறிவிப்பு வருமாம். எனக்கு ஒரே சந்தோஷம். உங்களுக்காகவும்தான், மேட்சுக்காகவும்தான். உண்மையைச் சொன்னால் மேட்சுக்காகக் கொஞ்சம் அதிகமாக.

அந்த நாளில் டி.வி. நிகழ்ச்சிகள் எனக்கு மனப்பாடம். எது எப்போது வரும், மேட்ச் நீண்டுவிட்டால் எதை வெட்டுவார்கள், எதைத் தள்ளிப் போடுவார்கள் என்று தெருவே என்னிடம்தான் கேட்கும். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். அந்தத் திமிர்தான் அக்கா உங்கள் வாயில் மண்ணைப் போட்டது.

நான்கு மணிக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, யாரையோ எதிர்கொள்ள வந்தவர் போல வாசற்படி ஓரமாக உட்கார்ந்தீர்கள். ஆட்டம் தொடங்கியதும் நீங்கள் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. வளவு இளவட்டங்கள் பத்துப் பேர் வீட்டுக்குள், ஒரே கூச்சல். ஒரு பக்கம் கல்கத்தா அணி, மறுபக்கம் கேரள அணி. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. இன்னும் எம்புட்டு நேரம் தம்பி என்று நீங்கள் கேட்டபோது, கோல் விழுந்தால்தான் முடியும் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்களும் பந்தைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். எந்தப் பக்கம் போனாலும் உங்கள் வாய் முணுமுணுத்தது. யாராவது போட்டுத் தொலைங்களேன் என்று வேண்டிக்கொண்டிருந்தீர்கள்.

யாரும் போடவில்லை. கூடுதலாக அரைமணி நேரம் ஆடினார்கள். அதிலும் இல்லை. பிறகு பெனால்டி. கடைசியாக உதைத்த கேரளப் பையன் பந்தை வெளியே அடித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்தது. பையன்கள் கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள்.

நம் தெருவில் டி.வி. வைத்திருந்த நாலைந்து வீட்டிலும் அப்போது ஒரு பழக்கம் உண்டு. இரண்டு மணி நேரம் ஓடினால் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் பிக்சர் டியூப் போய்விடும். யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, எல்லோரும் நம்பினோம். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது போலப் பெட்டியின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. பின்பக்கத்திலிருந்து சூடேறிய தூசி வாடை. கையைக் குமிழுக்குக் கொண்டுபோனேன்.

“செத்த நேரம் அப்படியே இருக்கட்டுமே தம்பி.”

“இப்பம் கப்பு குடுப்பாகக்கா. பொறவு கை குலுக்குவாக, பொறவு வெளம்பரம். கால்மணி நேரத்துக்கு ஒண்ணும் வராது. டியூப் போச்சுன்னா அவரு மொகமும் தெரியாமப் போயிரும்.”

டி.வி. விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினீர்கள். நான் நிறுத்தி, டி.வி. பெட்டியின் மரக்கதவை இழுத்துச் சாத்தினேன். நீங்கள் மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நான் டம்ளரில் தண்ணீர் மோந்து குடித்தேன். அந்தப் பையன் எப்படி அதை வெளியே அடித்தான் என்பதுதான் அப்போது என் கவலை.

பத்து நிமிடம் கழித்துத் திறந்து போட்டேன். படம் மெல்லத் தெளிந்தபோது ஒருவர் தென்னங்கன்றுக்கு உரம் வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேட்ச் நீண்டுபோனதால் கோப்பை கொடுப்பதை வெட்டிவிட்டு நேரே அறிவிப்புக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு அது புரிவதற்குள் அடுத்த தெரு டெய்லர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீகளா? உங்க வீட்டுக்காரரக் காட்டுனாகளே! எம்புட்டு தெளிவா இருந்துச்சு!”

நீங்கள் எழுந்து நின்றீர்கள். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். எப்படி இருந்தாக என்று. நல்லா இருந்தாரு, தோளுல ஒரு கை கூட தெரிஞ்சுது என்றார் அவர். நீங்கள் உங்கள் வலது கையைத் தூக்கிப் பார்த்தீர்கள். உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையைத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. போகும்போது நீங்கள்தான் எனக்காகச் சொன்னீர்கள்: “நீ என்ன செய்வ தம்பி, சூடாத்தான இருந்துச்சு.” என்னைத் திட்டியிருக்கலாம் அக்கா. செருப்பால் அடித்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையோடு என்னை விட்டுவிட்டுப் போனதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இன்னொரு தடவை போடச் சொல்லி ஸ்டேஷனுக்கு நடந்தோம். பார்க்கலாம் என்றார்கள். போட்டோவையாவது திருப்பிக் கேட்டோம். வரும் என்றார்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தென்காசியிலிருந்து ஒரு கார்டு வந்தது. ஓடினோம். அது வேறு யாரோ. அந்த மனிதர் நம்மைத் தன் சொந்தக்காரர்கள் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், உங்கள் தம்பி வத்திராயிருப்புக்குக் கூட்டிப்போக வந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இந்தப் பாதியை என்னிடம் தந்தீர்கள். அந்தப் பாதி வந்தால் உங்க வீட்டுக்குத்தானே வரும், வந்தா ரெண்டையும் ஒட்டி எனக்குக் காட்டு என்றீர்கள். சரி என்றேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, உங்கள் சாவுச் செய்திதான் வந்தது. வத்திராயிருப்புக்கு வெறுங்கையோடு வந்து நின்றேன்.

அந்தப் பழைய பெட்டியை விற்றபோது மெக்கானிக்கிடம் கேட்டேன். அப்படியெல்லாம் டியூப் போகாது சார், நாள் முழுக்க ஓடும் என்று சிரித்தான். இப்போது வீட்டில் இருக்கும் டி.வி. சுவர்க் காலண்டர் மாதிரி இருக்கிறது. எந்த மேட்ச் முடிந்தாலும் நான் நிறுத்துவதில்லை. அடுத்து வருவது, அதற்கடுத்து வருவது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள்.

நேற்று உங்கள் பாதியை வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட ஓரத்துக்கு அந்தப் பக்கம் அவரை உட்கார வைத்துப் பார்க்க முயன்றேன். ஐந்து வருடம் பக்கத்தில் குடியிருந்த மனிதர். தினமும் பார்த்த முகம். பெனால்டியை வெளியே அடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்த பையனின் முகம் அப்படியே வருகிறது அக்கா; நெற்றியில் ஒட்டியிருந்த முடிகூடத் தெரிகிறது. உங்கள் வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கும் சட்டைதான் தெரிகிறது.