பாக்கெட்டில் நீலம் என்றுதான் போட்டிருந்தது

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் ஐந்து இருபதுக்குக் கிளம்பி ஐந்து ஐம்பதுக்குக் கொசுவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். காரின் வேகம் வழி முழுக்கச் சரியாக எழுபது. அவள் மடியில் தண்ணீர் நிறைந்த டம்ளர் இருந்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது.

கொசு என் அக்கா மகள். பிறந்தபோது உருவம் அவ்வளவுதான், சத்தம் மட்டும் காதுக்குள்ளேயே கேட்கும். பெயர் வைத்தவன் நான். இப்போது ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். இருபத்து நாலு வருஷம் முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். எட்டாவதோடு நான் நின்றதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

வேலைக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஆறு மாதம் தற்காலிகம், மார்ச் கடைசியில் முடிகிறது. அதற்குள் மூன்று முறை தாமதமானால் நிரந்தரம் கிடையாதாம். முதல் நாளே வழி தெரியாமல் ஒன்று போய்விட்டது. வேலை ஆறு மணிக்கு. முதல் பஸ் அங்கே போய்ச் சேர ஆறு பத்தாகும். ஆக அவள் வேலை எந்த அதிகாரி கையிலும் இல்லை, என் ஸ்டீயரிங்கில் இருக்கிறது.

ஒரே குறை, டேஷ்போர்டு விளக்கு மங்கிவிட்டது. இருட்டில் முள் எங்கே நிற்கிறது என்றே தெரிவதில்லை. இருபத்திரண்டு வயது வண்டி. பல்பு பாவம், அது என்ன செய்யும்.

பிப்ரவரி 5, புதன்

கிடங்கு வேலை முடிந்து வயர் கடைக்குப் போனேன். வண்டி எலக்ட்ரிக் வேலை செய்கிறவர். எப்போதும் காதில் ஒரு துண்டு வயரைச் செருகியிருப்பதால் ஊரே அவரை வயர் என்றுதான் கூப்பிடுகிறது.

பழைய பல்பை எல்லாம் எடுத்துவிட்டு எல்.ஈ.டி போட்டால் மீட்டர் பளிச்சென்று இருக்கும் என்றார். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, எது வேண்டும்?

"நீலம். விமானத்துல அதுதான்."

"எந்த விமானத்துலண்ணே போனீங்க?"

"நான் போகணுமா? தெரிஞ்சவர் போயிருக்காரு."

"அவரு பைலட்டா?"

"கிட்டத்தட்ட."

ஏழு பல்பு வாங்கினேன். அவரே மாட்டித் தருகிறேன் என்றார். எனக்கு எதற்கு? என் வண்டிக்கு என் கைதான் டாக்டர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. மொத்தம் நாற்பது நிமிடம். பத்து மணிக்கு உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன் என்கிறாள் மனைவி. அவளுக்குக் கடிகாரம் பார்ப்பதில் எப்போதுமே அவசரம்.

நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மீட்டர் பெட்டியை முன்னால் இழுத்து, பின்னால் இருக்கிற கேபிளை எடுத்துவிட்டால் பல்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சை ரப்பர் குல்லா. குல்லாவோடு பல்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைத் திணித்தேன். மனைவி டார்ச் பிடித்தாள். ஸ்க்ரூ தலையில் ஸ்க்ரூடிரைவர் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, அது ஸ்க்ரூ இல்ல, அதுக்குப் பக்கத்துல குத்துறீங்க."

"சுத்தம் பண்றேன்."

நாலு எரிந்தது, மூன்று எரியவில்லை. மூன்றும் பழுது, அந்த வயரை நாளைக்கு ஒரு கை பார்க்கிறேன் என்றேன். அவள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பக்கந்தான் எரியுமாம். எரியலைன்னா திருப்பிப் போடணும்னு படம் போட்டிருக்கு."

"எனக்குத் தெரியும். நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்."

ஏழும் எரிந்தது. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. வண்டி செய்தவன் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 10, திங்கள்

ஏமாற்றிவிட்டான் வயர். கொடுத்தது பச்சை.

காலை இருட்டில் விளக்கைப் போட்டேன். பாசி பிடித்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. அதுவும் இழுகி இழுகித் தெரிகிறது. கொசு ஏறி உட்கார்ந்ததும், "நீலம் நல்லா இருக்கு மாமா" என்றாள். பச்சைதானே என்றேன், இல்லை நீலம் என்றாள். மாமன் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாள். நல்ல பெண்.

"நான் ஓட்டவா மாமா?" என்று இன்றும் கேட்டாள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது, மாதம் ஒரு தடவை கேட்பாள். இந்த வண்டி என் கைக்குத்தான் பழக்கம் என்று சொல்லிவிட்டேன். குதிரை மாதிரி அது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வயரிடம் போனேன்.

"பச்சக் குல்லாவக் கழட்டினீங்களாண்ணே?"

"கழட்டாம? எனக்கு வேலை சொல்லித் தர்றியா?"

"அப்ப நீலந்தான். பாக்கெட்ல பாருங்க, நீலம்னு போட்டிருக்கு."

"போட்டிருந்தா ஆச்சா? புலின்னு எழுதிப் பூனைய அடைச்சு வைக்கலாம்."

அவர் அதே பெட்டியிலிருந்து ஒரு பல்பை எடுத்து பேட்டரியில் வைத்தார். எரிந்தது. கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். நீலம், நீலம், நீலம். மூன்று பேரும் அவருடைய ஆட்கள்.

எனக்குப் பச்சை.

பிப்ரவரி 13, வியாழன்

மனைவியையும் உட்காரவைத்துக் காட்டினேன். நீலமாம். வயர் இவளையும் வளைத்துவிட்டாரா?

பிப்ரவரி 15, சனி

ஓர் அதிசயம் கண்டுபிடித்திருக்கிறேன். கொசுவை இறக்கிவிட்டு, விடிவதற்குள் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணில் ஏதோ தூசி. கையால் பொத்தினேன். டேஷ்போர்டு நீலமாகிவிட்டது. சுமாரான நீலம், ஆனாலும் நீலம்.

கையை எடுத்தேன், பச்சை. இடது கண்ணைப் பொத்தினேன், பச்சைகூட இல்லை, வெறும் சேறு. எண்ணே தெரியவில்லை.

ஒரே காசுக்கு இரண்டு கலர். வேறு யாருக்குக் கிடைக்கும்? வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று என் கை இல்லாவிட்டால் ஓர் உயிர் போயிருக்கும். சந்தை வளைவில் ரோடு கூட்டுகிற அம்மா ஒருத்தி, தள்ளுவண்டியோடு திடீரென்று குறுக்கே பாய்ந்தாள். வேகம் ஐம்பத்திரண்டு. வேறொருவனாக இருந்தால் கையைத் தூக்கியிருப்பான். நான் கண் இமைப்பதற்குள் பிரேக்கை மிதித்து, ஒரு முழத்தில் வண்டியை நிறுத்தினேன். கொசு பயந்துவிட்டாள். நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் நான் சாவியோடு வெளியே வந்தபோது கொசு தெருமுனையில் நடந்துகொண்டிருந்தாள். நேற்று சாயங்காலமே, "நாளைக்கு பஸ்ல போறேன் மாமா, சும்மாதான்" என்றாள். சும்மா என்றுதான் நினைத்தேன். ஆறு பத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். தாமதம் இரண்டு. இன்னும் ஒன்று ஆனால் வேலை இல்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். என்னைக் காட்டிக்கொடுப்பதைவிட வேலை போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறாள்.

நேற்று எழுதியதை எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மா பாயவில்லை. ரோட்டோரமாக நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். மேலே மினுங்குகிற சட்டை, விளக்குப் பட்டால் பளபளக்குமே, அது. நூறு அடி தள்ளி வருகிறவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பிரேக் பிடித்தது நான் இல்லை. கொசு "மாமா" என்று கத்திக்கொண்டே கை பிரேக்கை இழுத்தாள். என் கால் அதற்கப்புறந்தான் போனது.

அந்த அம்மா விளக்குமாறோடு வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "கண்ணு தெரியலையாய்யா?"

ரோட்டில் நான் எத்தனை பேரைப் பார்த்து அதைக் கத்தியிருக்கிறேன். திட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டவில்லை. கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தாள்.

என்னத்த ஐம்பத்திரண்டு? எங்கேர்ந்து வந்துச்சு அந்த நம்பர்? முள்ளே தெரியல எனக்கு. போன மழைக்காலத்துலேர்ந்தே தெரியல. எழுபதும் பொய்தான். இந்த நோட்டுலகூட எவனுக்குடா நான் அளந்துகிட்டு இருந்தேன்?

பிப்ரவரி 20, வியாழன்

அவளுக்கு முன்னால் எழுந்து வண்டிப் பக்கத்தில் நின்றேன். அவள் பையோடு வந்தாள். சாவியை நீட்டினேன்.

"என்ன மாமா?"

"நீ ஓட்டு. எனக்கு மீட்டர் தெரியல."

அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே சின்னது அதுதான். தொண்டைக்குள் மேற்கொண்டு என்னென்னமோ தயாராக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

"தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"நீலத்தப் பச்சைன்னீங்கல்ல, அப்பலேர்ந்து. ஆஸ்பத்திரியிலதான இருக்கேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா? இன்னும் ரெண்டு கலர் மாத்திப் பாத்திருப்பீங்க." பிறகு, "அதான் கைய பிரேக் பக்கத்துலயே வெச்சிருந்தேன்" என்றாள்.

ஒரு வாரம். நான் பாட்டுக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இந்தப் பெண் ஒரு வாரமாகக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பக்கத்து சீட்டில். வாசலிலேயே இரண்டு முறை வண்டி நின்றுபோனது. கிளட்சை மெதுவாக விடு என்றேன்.

"மாமா, வழி மட்டும் சொல்லுங்க."

வழியை மட்டும் சொன்னேன். என் பக்கத்தில் பிரேக் இல்லை, ஆனாலும் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. ஐந்து ஐம்பத்தேழுக்கு வாசலில் நிறுத்தினாள். வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, நான் பஸ்ஸில் திரும்பினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "ரெண்டு வருஷமா சாப்பாட்டுல முடி கெடக்குன்னு சொல்றத நிறுத்திட்டீங்க. திருந்திட்டீங்கன்னு இருந்தேன்" என்றாள். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

கண் டாக்டரம்மா. கண்புரை. வலது முற்றிவிட்டது, இடது பாதி. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டதாம். மஞ்சள் கண்ணாடி வழியாக நீலத்தைப் பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும் என்றார். வயரிடம் நான் ஒரு மன்னிப்புச் சொல்லவேண்டும். சொல்வேன். அவசரமில்லை.

"இத வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுனீங்க?"

"பழக்கத்துல."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்க ஆரம்பித்திருந்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

வலது கண் அறுவை முடிந்தது. இவ்வளவு பெரிய புரையை டாக்டரம்மா இதுவரை பார்த்ததே இல்லையாம், பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். கொசு பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துவிட்டு, "பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது, இதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று கட்டைப் பிரித்துவிட்டார்கள். இன்று கொசு வேலைக்குக் கிளம்பும்போது வண்டிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுக் காட்டினாள்.

நீலம். ஐயோ, இப்படியா ஒரு நீலம் இருக்கும். சர்க்கஸ் கூடாரம் மாதிரி. இதை வைத்துக்கொண்டா அவள் தினமும் ஓட்டுகிறாள்? "ஏம்மா, சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னது உங்களுக்காக" என்றாள். சீட்டைத் தனக்கு ஏற்றபடி முன்னால் இழுத்திருக்கிறாள். கண்ணாடியையும் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டாள். நான் ஒன்றையும் தொடவில்லை.

மார்ச் 20, வியாழன்

மனைவி இப்போது இன்னும் கொஞ்சம் வயதானவளாகத் தெரிகிறாள். எழுதிவிட்டேன், சொல்லவில்லை. கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சரிதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆறு மாதம் நேற்றோடு முடிந்தது. தாமதம் இரண்டோடு நின்றுவிட்டது. கொசுவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், நிரந்தரம். அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் அழுதாள். நான் அழவில்லை. அறுவை செய்த கண்ணில் தண்ணீர் வருவது சகஜம்.

இன்று எட்டு மணிக்குக் கிடங்குக்குப் பஸ்ஸில் போய் இறங்கினேன். சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னங்க, கார்க்காரரு பஸ்ல வர்றீங்க?"

"காரு என் அக்கா மககிட்ட. அவதான் தினமும் எடுத்துட்டுப் போறா."

"நெசமாவா? நல்லா ஓட்டுமா அது?"

"எண்பதுக்குக் கொறைஞ்சா அவளுக்கு ஓட்டவே வராது. வளைவுல பாக்கணுமே, வண்டி தரையில இருக்கான்னு குனிஞ்சு பாக்கணும்."

லாரிக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. லாரிக்காரருக்கு அதெல்லாம் எதற்கு.