மஞ்சள் விளக்கும் பழுப்புச் சட்டையும்

ஞாயிறு, காலை ஏழு மணி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால், கடைசிவரை படித்துவிடு. பதினொரு வருடமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. எழுத வேண்டிய விஷயம் போன வாரம்தான் கிடைத்தது.

உன் அக்காவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள், என்னை அதட்டுவதை நிறுத்தவில்லை. நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. நாம் வேலை பார்த்த நகராட்சி ஆபீசில் இப்போது எனக்கு மனுக்காரர் என்று பெயர். வாசலில் என் தலை தெரிந்தால் போதும், "மனுக்காரர் வர்றாரு, நாற்காலியை உள்ளே தூக்கிப் போடுங்கடா, உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டாரு" என்று உதவியாளன் குரல் கொடுக்கிறான். என் காதில் விழட்டும் என்றேதான் சொல்கிறான்.

மனு எதற்கு என்றால், ஊர் முழுக்க நான் ஏணி வைத்து மாட்டிய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு போட்டுவிட்டார்கள். தெருவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. ஏழு மனு கொடுத்தேன். சோடியம் விளக்கு மூடுபனியில் கண்ணைக் கூசாது. பூச்சி மொய்க்காது. படுக்கையறை ஜன்னலுக்குள் புகுந்து தூக்கத்தைக் கெடுக்காது. வானத்தை அழுக்காக்காது, நட்சத்திரம் பார்க்கிறவர்கள் விரும்பிய விளக்கு அது. சுவிட்சைப் போட்டதும் எரிந்துவிடாமல், முதலில் இளஞ்சிவப்பாகக் கண் விழித்து, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மஞ்சளுக்கு வரும். முப்பத்தோரு வருடம் தினமும் அதைப் பார்த்தேன். ஒருநாளும் சலிக்கவில்லை. நூலகத்தில் இருந்த ஒரே ஒரு விளக்குப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவன் நான். எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அதனால் யாரும் எனக்குத் தவறாகச் சொல்லித்தரவும் இல்லை.

ஏழாவது மனுவுக்குப் பதிலாக ஆபீசில் ஒரு பொறியாளர் பெண்ணை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நான் தயாராகத்தான் இருந்தேன். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு விளக்கையும் அதன் சோக்கையும் மீட்டு, கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லுக்கு மேலே மாட்டியிருந்தேன். நீளக் குழாய் போட்ட பழைய வகை, கலப்பில்லாத மஞ்சள். நன்றாக இருட்டியதும் ஏழு மணிக்கு ஏற்றிக் காட்டினேன். அந்தப் பெண் பத்து நிமிடமும் பொறுமையாக அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "ஐயா, நீங்க மனுவுல எழுதினது எல்லாம் சரி. கரண்ட்டை இவ்வளவு சிக்கனமா சாப்பிட்ட விளக்கு ரொம்ப வருஷம் வேற இல்ல. அம்மா கட்டியிருக்கிற சேலை என்ன நிறம், அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பழுப்பு என்றேன்.

உன் அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு. என்கிட்ட பழுப்புச் சேலையே கிடையாதே" என்றாள். அடுக்களைக்குள் டியூப்லைட்டின் கீழ் போய் நின்றாள். கத்தரிப்பூ நிறம்.

அந்தப் பெண் போய்விட்டாள். விஷயம் என்னை விடவில்லை. இந்த விளக்கில் நிறம் சரியாகத் தெரியாது என்று புத்தகத்திலேயே ஒரு வரி இருக்கிறது, படித்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு தெரியாது என்று சோதித்ததில்லை. முப்பத்தோரு வருடமும் நான் விளக்கைத்தான் பார்த்தேன், அது எதன்மேல் விழுந்தது என்று பார்க்கவில்லை. மறுநாள் மாலை உன் அக்காவைப் பரீட்சை வைக்கச் சொன்னேன். பதினேழு துணிகளைக் கொடியில் போட்டு, நான் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்தாள். சரியாகச் சொன்னது இரண்டு. வெள்ளை, கறுப்பு. மற்ற பதினைந்தில் பாதிக்கு மேல் பழுப்பு என்றிருந்தேன்.

ஏன் பழுப்பு என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகு பிடிபட்டது. அந்த விளக்கில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே இல்லை. மங்கிப்போன மஞ்சளுக்குத்தான் நாம் பழுப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். பச்சை, சிவப்பு, நீலம், எது வந்து நின்றாலும் விளக்கிடம் கொடுக்க அந்த ஒரு நிறம்தான் இருக்கிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் உன் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் எழுந்து, வலிக்கிற காலோடு மாடி ஏறினாள். இரண்டு சட்டைகளோடு இறங்கி வந்தாள். முதுகுப்பக்கம் தெரியும்படி, எரிகிற விளக்குக்கடியில் கொடியில் மாட்டினாள். "பின்சந்துல ஐம்பது அடி தள்ளிப் போய் நில்லுங்க" என்றாள். ஏன் ஐம்பது என்று கேட்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் கிடங்குத் திருட்டு விசாரணையில் நான் சொன்ன தூரம் அது. நான் அடுத்த கம்பத்து ஏணிமேல் இருந்தேன், இதே வகை விளக்கு எரிந்த கிடங்குச் சுவர் ஐம்பது அடி, செம்புக் கம்பிச் சுருளோடு சுவரேறிக் குதித்தவன் முதுகைப் பார்த்தேன், பழுப்புச் சட்டை. இவ்வளவுதான் நான் சொன்னது. கிடங்கில் அத்தனை பேரும் பச்சைச் சீருடையில் இருக்க, துவைக்கப் போட்டுவிட்டதாகச் சொல்லி அன்று பழுப்புச் சட்டையில் வந்தவன் நீ ஒருவன்தான். "அந்த வெளிச்சத்துல நிச்சயமாத் தெரிஞ்சுதா?" என்று அதிகாரி கேட்டபோது, "அந்த விளக்கை மாட்டினதே நான்தான், அதுக்கடியில ஒரு எறும்புகூடத் தப்பாது" என்று நான் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அன்று எங்கள் வீட்டில் அந்தச் சட்டையைக் கழற்றி வீசி, "இதுதானே அத்தான் திருடிச்சு, நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பனியனோடு தெருவில் இறங்கிப் போனாய். அதைத் துவைத்து மடித்துப் பதினொரு வருடம் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"இதுல என் தம்பி சட்டை எது?" என்று அங்கிருந்து கேட்டாள். இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கு நிச்சயமாகிக்கொண்டே வந்தது. இடதுபக்கம் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் அதை எடுத்து அடுக்களை வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை. பையின் மேல் என் பணி எண் நூலால் தைத்திருந்தது. என் சீருடை, மச்சான்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எவன் முன்னாலும் சொல்வேன். பார்த்ததைத்தான் சொன்னேன். பார்த்தது அங்கே இல்லை. அன்று சுவரேறியவன் யார் என்று எனக்குத் தெரியாது. பச்சைச் சீருடைக்காரர்கள் இருபத்துமூன்று பேர், என்னையும் சேர்த்து.

வெள்ளை விளக்கு அசிங்கம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. பூச்சி, பனி, நட்சத்திரம், எல்லாம் எழுதியபடியே நிற்கிறது. ஆனால் எட்டாவது மனு விளக்கைப் பற்றியது இல்லை. நேற்று நேரில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன். என் சாட்சியம் செல்லாது, காரணம் இணைப்பில், சந்தேகமிருந்தால் என் கொல்லைப்புறத்துக்கு வந்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. பதில் வராவிட்டால் ஒன்பதாவது கொடுப்பேன். நான் விடமாட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் அக்கா இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை. மேஜைமேல் தபால்தலையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மச்சான், நீயும் உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போ. பகல் வண்டியில் வா. எந்த நிறச் சட்டை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வா. உன்னை வரவேற்க ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்