காலை ஒன்பது மணிக்குக் கழற்றிய வலை

3.2.2025, திங்கள்

எங்கள் பாதுகாப்புப் பயிற்சி மையத்துக்கு நான் எழுதும் பன்னிரண்டாவது சம்பவப் பாடம் தயார். நான் எழுதியதை வைத்து வகுப்பெடுத்தால் கான்ட்ராக்ட் ஆட்கள் தூங்க மாட்டார்கள். பெருமைதான், இருக்கட்டுமே! செங்கல் கம்பெனி ஒன்றில் பெல்ட்டில் கை சிக்கி இரண்டு விரல் போன கதை. அன்று அங்கே வேலை பார்த்த நாலு பேரை விசாரித்து மணி வாரியாக எழுதியிருக்கிறேன். ஆளின் பேரை வழக்கம்போல மாற்றி, 'கண்ணன்' ஆக்கிவிட்டேன். கடைசிக் கேள்வி: 'கண்ணன் செய்த தவறு என்ன?' பளிச்சென்று இருக்கிறது.

4.2.2025

மையத் தலைவர் செல்வநாதன் சார் படித்துவிட்டு, "அருமை ரெஜினா, அடுத்த வாரமே வகுப்புல வச்சிடலாம்" என்றார். விரல் போனவரிடம் கையெழுத்து வாங்காமல் வைக்க மாட்டேன். அது என் சட்டம்.

8.2.2025, சனி

டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கிலிருந்து குள்ளஞ்சாவடிக்கு ஸ்கூட்டியில் போனேன். தனகோட்டி — அவர்தான் என் கண்ணன் — இப்போது ஒரு மரக்கடையில் வாட்ச்மேன். படிக்கத் தெரியாது என்றார். நானே வாசித்தேன். 'காலை ஒன்பது மணிக்கு ஃபிட்டர் பெல்ட்டை மூடும் பாதுகாப்பு வலையைக் கழற்றினார். இரண்டு மணி ஷிஃப்டுக்கு வந்த கண்ணன்...'

"இருங்க. திரும்பப் படிங்க."

படித்தேன்.

"காலையிலயே கழட்டிட்டாங்களா? நாந்தான் வலைய மாட்டாம வுட்டுட்டேன்னு கம்பெனில சொன்னாங்க. நாலு வருஷமா அதையே நெனச்சிக்கினு இருந்தேங்க. வூட்லயும் அப்டிதான் சொல்லிவச்சிருக்கேன்."

அந்த நேரத்தை ஃபிட்டரே என்னிடம் சொன்னார். எழுதியதும் நான். அப்புறமும் கண்ணன் செய்த தவறு என்னன்னு கேட்டு வச்சிருக்கேனே, எனக்கென்ன மூளை மழுங்கிப்போச்சா?

கையெழுத்துப் போட்டார். "அந்தக் கண்ணன் வேணாங்க. எம் பேரையே போடுங்க."

10.2.2025

பேரை மாற்றினேன். கேள்வியையும் மாற்றினேன்: 'வலை இல்லை என்று தனகோட்டியிடம் யார் சொல்லியிருக்க வேண்டும்?' சார் இழுத்தார். "வகுப்புக்கு ஆள் அனுப்புற கம்பெனிக்காரங்களுக்குக் கசக்குமேம்மா." கசக்கட்டும். பழைய கேள்விதான் வேண்டுமென்றால் வகுப்பை நீங்களே எடுங்கள் சார் என்றேன். எடுப்பாரா? மாட்டார்.

12.2.2025, புதன்

வகுப்பு ஒன்றே கால் மணி நேரம் ஓடியது. ஒருவரும் தூங்கவில்லை, சண்டையே போட்டார்கள். நான் கூப்பிட்டிருந்தேன் என்று தனகோட்டியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஒரு ஜெராக்ஸ் கேட்டார்.

"ஒம்பது மணின்னு இருக்கிற எடத்துல ஒரு கோடு போட்டுக் குடுங்க. எம் பொண்ணு படிப்பா. வூட்ல எல்லாரும் கேக்கட்டும்."

சிவப்புப் பேனாவால் போட்டுக் கொடுத்தேன்.